சிறு வழக்கும் பெரு நீதியும்: சர் தி. முத்துசாமி ஐயர்

வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். சான்றோர் நெஞ்சைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்டார். பொன் வைத்தாலும் உப்பு வைத்தாலும் கோலின் முள் ஒன்றுபோல நிற்க வேண்டும். நீதிமன்றத்துக்கும் அதுவே இலக்கணம். இலட்சக்கணக்கான ரூபாய்ச் சொத்துக்கு நேர்ந்த வழக்கில் மட்டும் நியாயம் கிடைத்து, இருபது ரூபாய்ச் சரக்குப் பாக்கிக்குக் கிடைக்கவில்லை என்றால், அது கோல் கோடிய அரசே ஆகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி என்று ஏடுகள் புகழும் சர் தி. முத்துசாமி ஐயர், அந்த உயர் பீடத்தில் ஏறுமுன் சென்னைக் கடைத்தெருக்களின் சில்லறை வழக்குகளை ஏழாண்டுக் காலம் விசாரித்தவர் என்பதைப் பலர் அறியார். அந்தப் பகுதியே அவர் வாழ்வில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய பகுதி.

ஒரு ரூபாய்ச் சம்பளம்

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் உச்சுவாடி என்னும் சிற்றூரில், 1832ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் முத்துசாமி பிறந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. தந்தையை இளமையிலேயே இழந்தார். வயிற்றுப்பாட்டுக்காகக் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிள்ளை படிக்க வேண்டும் என்று ஏங்கிய தாயும் மறைந்தார். அதன்பின் அவருக்குத் துணையாக நின்றது திருவாரூர்த் தாசில்தார் கச்சேரிதான்.

திருவாரூர் என்றதும் மனுநீதிச் சோழனின் கதை நம் நினைவுக்கு வரும். வாய் பேசாப் பசுவின் முறையீட்டுக்கும் மணி கட்டித் தொங்கவிட்ட ஊர் அது. அவ்வூரில் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒருமுறை ஆற்று வெள்ளத்தால் கரை உடைந்ததென்று சேதி வந்ததாகவும், விவரம் அறிந்துவர அனுப்பப்பட்ட சிறுவன் உடைப்பின் அளவு, வேண்டிய ஆள், வேண்டிய பொருள் எல்லாவற்றையும் பிசகின்றிச் சொல்லக் கேட்டு அவர் வியந்ததாகவும் வாழ்க்கை வரலாறு எழுதியோர் கூறுவர். நாயக்கர் சிறுவனின் கல்விக்குப் பொறுப்பேற்றார். முதலில் நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளி. பிறகு சென்னை உயர்நிலைப் பள்ளி. இன்றைய மாநிலக் கல்லூரியின் முன்னோடியான அப்பள்ளிக்கு அன்று தலைவராக விளங்கியவர் பவல் துரை. அங்கே 1854இல் ஆங்கிலக் கட்டுரைக்காக முத்துசாமி ஐந்நூறு ரூபாய்ப் பரிசு பெற்றார். ஒரு ரூபாய்க்கு உழைத்த பையனுக்கு அது நாற்பது ஆண்டுச் சம்பளத்தை மிஞ்சிய தொகை!

அவர் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்தார் என்ற செவிவழிச் செய்தியும் உண்டு. விளக்கு எதுவாயினும் படிப்பு உண்மை.

படிப்படியாக

தஞ்சையில் எழுத்தர் வேலை, பள்ளிக்கூடத் துணை ஆய்வாளர் வேலை என்று தொடங்கிய அவர், வக்கீல் தேர்வில் வென்று தரங்கம்பாடி முன்சீப் ஆனார். 1859இல் தஞ்சாவூர்த் துணை ஆட்சியராகி இனாம் நில விசாரணையில் ஈடுபட்டார். யார் நிலம், யார் அனுபவம், எந்தப் பட்டயம் செல்லும் என்று பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் வேலை அது. சொத்துத் தகராறு என்பது பெரும்பாலும் காகிதத் தகராறு என்பதை அங்கே கண்கூடாகக் கண்டிருப்பார். 1865இல் மங்களூரில் முதன்மைச் சதர் அமீன் பதவி. 1868இல் சென்னை நகரக் காவல் நடுவர் பதவி.

காவல் நடுவராக இருந்தபோது ஒரு நிகழ்ச்சி. தம் வீட்டு வளாகத்தில் நுழைந்த ஓர் இந்தியரை அடித்துவிட்டதாக உயர் நீதிமன்றத்தின் ஐரோப்பிய நீதிபதி ஒருவர்மீது புகார் வந்தது. நேரில் வரவேண்டாம் என்று விலக்களித்துவிடலாமே என மேலிடத்திலிருந்து யோசனை கூறப்பட்டும், முத்துசாமி ஐயர் இணங்கவில்லை. அழைப்பாணை அனுப்பினார், விசாரித்தார், மூன்று ரூபாய் அபராதம் விதித்தார். தொகை சிறிதுதான். ஆனால் ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே கூண்டில் ஏறவேண்டும் என்ற செய்தி சென்னை முழுதும் பரவுவதற்கு அந்த மூன்று ரூபாய் போதுமானதாக இருந்தது.

பதவியில் இருந்துகொண்டே படித்துச் சட்ட இளவர் பட்டமும் பெற்றார். 1871இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவரானார்.

கடைத்தெருவும் கச்சேரியும்

கோட்டைக்கு வடக்கே விரிந்திருந்த கறுப்பர் நகரம்தான் பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்றது. கிழக்கே முத்தியாலுப்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை, நடுவே பிராட்வே. துணிக்குக் கோடவுன் தெரு, காய்கறிக்குக் கொத்தவால் சாவடி, தங்கசாலைத் தெருவிலும் சௌகார்பேட்டையிலும் வட்டிக்கடைகள் எனத் தெருவுக்கொரு தொழில் வளர்ந்த இடம். தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, குஜராத்தி ஆகிய மொழிகள் ஒரே திண்ணையில் பேரம் பேசின. பேரம் இருக்கும் இடத்தில் தகராறும் இருக்கும். சரக்கு வாங்கியவர் பணம் தரவில்லை; உண்டியல் திரும்பி வந்தது; குடியிருப்பவர் வாடகை கொடுக்கவில்லை; கைமாற்று வாங்கியவர் வாங்கவே இல்லை என்கிறார்.

இவற்றுக்கு எங்கே போவது? உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் இங்கிலாந்தின் வழக்கப்படி வழக்கைத் தயாரிக்க அட்டர்னி, வாதாட பாரிஸ்டர் என இரட்டைச் செலவு. ஐம்பது ரூபாய்ப் பாக்கிக்காக அங்கே போனவர் நூறு ரூபாய் இழந்து திரும்புவார். இதற்கு மாற்றாகத்தான் 1850ஆம் ஆண்டின் சட்டப்படி சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் சிறுவழக்கு நீதிமன்றங்கள் அமைந்தன. முதலில் ஐந்நூறு ரூபாய் வரையிலும், பின்னர் ஆயிரம் ரூபாய் வரையிலும் உள்ள வழக்குகளை அவை விசாரித்தன. நடைமுறை சுருக்கம், செலவு குறைவு, தீர்ப்பு விரைவு.

ஆனால் அந்த விரைவில் ஓர் ஆபத்தும் இருந்தது. இந்நீதிமன்றத் தீர்ப்புக்கு வழக்கமான மேல்முறையீடு கிடையாது. நீதிபதி பிழை செய்தால், ஏழை வணிகனின் வழக்கு பெரும்பாலும் அதோடு முடிந்தது. அவனுக்கு உயர் நீதிமன்றமும் அதுவே, பிரிவி கவுன்சிலும் அதுவே. ஆகவே அந்த நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது கடைத்தெருவுக்கு உயிர்ப் பிரச்சினை. சாட்சியின் பேச்சை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே கேட்கும் ஆங்கிலேயர் ஒருவர் அமர்வதற்கும், கிராமக் கணக்கரின் காலடியில் கணக்குப் பழகிய தமிழர் ஒருவர் அமர்வதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. நாள்வழிக் குறிப்பும் பேரேடும் ஒத்துப்போகின்றனவா, மை புதிதா பழையதா, வரவு எங்கே இடைச்செருகலாக ஏறியிருக்கிறது என்று பார்ப்பதில் முத்துசாமி ஐயரின் இளமைப் பயிற்சி கைகொடுத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அவர் அப்பதவியில் இருந்தபோதுதான், 1872இல், இந்திய ஒப்பந்தச் சட்டமும் இந்தியச் சாட்சியச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஒழுங்காக எழுதிவரும் வணிகக் கணக்குப் புத்தகம் சாட்சியமாகும். ஆனால் அதை மட்டும் கொண்டு ஒருவர்மீது கடனைச் சுமத்த முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. வேறு ஆதாரமும் வேண்டும். இதன் நுட்பத்தைப் பாருங்கள். புத்தகம் எழுதுபவர் எப்போதும் கடன் கொடுத்தவரே. வாங்கியவரிடம் புத்தகம் இல்லை. புத்தகமே போதும் என்றால் எழுதுகோல் பிடித்தவன் வைத்ததே சட்டமாகிவிடும். புத்தகமே கூடாது என்றால் நாணயமான வணிகனும் பிழைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே நிற்பதே துலாக்கோலின் முள். 2024 ஜூலையில் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்த பின்னும் இந்த விதி மாறவில்லை.

உயர் பீடத்தில்

1878இல் முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பெற்றார். கல்கத்தாவில் சம்புநாத் பண்டிட் 1863இலேயே உயர் நீதிமன்ற நீதிபதியாகியிருந்தார். சென்னைக்கு இவரே முதல்வர். ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் இந்நியமனத்தைக் கடுமையாகத் தாக்கின. இங்கிலாந்து சென்று படிக்காதவர், பாரிஸ்டர் அல்லாதவர், கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்தவர் என்பதெல்லாம் அவர்களுக்குக் குறையாகத் தோன்றின. விடையளிக்க இந்தியருக்கு ஓர் இதழ் இல்லையே என்று கொதித்த ஆறு இளைஞர்கள், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடன் வாங்கி, கறுப்பர் நகரத்துத் தங்கசாலைத் தெரு அச்சகத்தில் எண்பது படிகள் அச்சிட்டு 1878 செப்டம்பர் 20ஆம் நாள் ஒரு வார இதழை வெளியிட்டார்கள். அதுவே இன்றைய 'தி இந்து' நாளிதழ். ஆசிரியர்களும் சட்ட மாணவர்களுமாகிய அவர்கள் ஏறத்தாழ நம் வயதினரே.

எதிர்த்தவர்களுக்கு ஐயர் தம் பணியாலேயே விடை கூறினார். இந்து சட்டத்தின் வாரிசுரிமை, பாகப்பிரிவினை, அறக்கட்டளை முதலிய பொருள்களில் அவர் எழுதிய தீர்ப்புகள் நெடுங்காலம் வழிகாட்டியாயின. 1891இல் மலபார்த் திருமணக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1893இல் மூன்று மாதம் தலைமை நீதிபதிப் பொறுப்பையும் வகித்தார். அதே ஆண்டில் சர் பட்டம் பெற்றார். 1895 ஜனவரியில், இந்தோ-சாரசனிக் பாணியில் எழுந்த இன்றைய உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டு மூன்றாண்டுகள் ஆவதற்குள், காலமானார். அவருடைய பளிங்குச் சிலை அக்கட்டடத்தினுள் இன்றும் அமர்ந்திருக்கிறது.

அவர் உயர் பீடத்தில் இருந்த காலத்திலேயே சிறுவழக்கு நீதிமன்றங்களுக்கு 1882இல் புதிய சட்டம் வந்து வரம்பு இரண்டாயிரம் ரூபாயாக உயர்ந்தது. சொத்தின் உரிமை யாருக்கு என்ற வழக்கை இந்நீதிமன்றம் தீர்க்க இயலாது. அதற்கும் நகரத்து நடுத்தர மக்களுக்குச் செலவு குறைந்த இடம் வேண்டும் என்பதற்காக, 1892ஆம் ஆண்டின் சட்டம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரம்புடன் நகர உரிமையியல் நீதிமன்றத்தை உருவாக்கியது.

நமக்கு என்ன?

முத்துசாமி ஐயர் காலத்தில் வடபழனி நகர எல்லைக்கு அப்பால் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த ஒரு சிற்றூர். இன்று ஆற்காடு சாலையில் தோளோடு தோள் உரசிக் கடைகள் நிற்கின்றன. நம் தோழர்கள் பலரின் தந்தையர் அங்கும் தியாகராய நகரிலும் கடை வைத்திருப்பவர்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள். கோடவுன் தெருவில் அன்று நடந்த அதே தகராறுகள் இன்று அங்கே நடக்கின்றன. வழக்கென்று வந்தால் போகவேண்டிய இடமும் பாரிமுனையை அடுத்த உயர் நீதிமன்ற வளாகமே.

அங்கே போகுமுன் அறியவேண்டியவை சில. கடனுக்கும் சரக்குப் பாக்கிக்கும் பொதுவாக மூன்றாண்டுதான் காலவரம்பு. அதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும். 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அலுவலரிடம் பதிவாகவேண்டும். வீடோ மனையோ வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்த்தல் வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்பதற்காக ஒதுங்கவும் வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வறியோருக்கும், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், தொழிலாளர்களுக்கும் கட்டணமின்றி வக்கீல் உதவி தருகிறது. நிலுவையிலுள்ள வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவே இறுதியானது.

ஆயினும் சட்டம் கதவைத்தான் திறக்கும். உள்ளே அமர்ந்திருப்பவர் சிறியவனின் கணக்கையும் பொறுமையாகப் புரட்டிப் பார்ப்பவராக இருந்தால்தான் கதவு திறந்ததன் பயன் கிட்டும். நம்மில் சிலர் நாளை சட்டக் கல்லூரிக்குப் போவர். சிலர் அரசு அலுவலகங்களில் மக்களின் மனுக்களை வாங்கும் மேசையில் அமர்வர். அன்று நம் முன் நீட்டப்படும் காகிதம் இருபது ரூபாய்க்கானதாகவும் இருக்கலாம். அதை நீட்டுபவருக்கு நம் மேசையே கடைசி மேசையாகவும் இருக்கலாம். சிறுவழக்கு நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயர் ஏழாண்டுக் காலம் அமர்ந்திருந்ததும் அத்தகைய மேசையின் முன்புதான்.