சக்கர நாற்காலியில் ஒரு சாதனை

விபத்து ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. அதன் விளைவோ ஆயுள் முழுவதும் தொடர்கிறது. உயிர் பிழைத்தவனைக் கண்டு ஊரார் தெய்வத்துக்கு நன்றி கூறிக் கலைந்துவிடுகின்றனர். பிழைத்தவன் பின்னர் எவ்வாறு வாழ்கிறான், அதற்குரிய பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. அந்த வினாவைத் தம் வாழ்க்கையாலேயே எழுப்பி, அதற்கு விடையும் தேடித் தந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார். அவரது வரலாற்றை நம் கல்லூரி மாணவ மாணவியர் அறிய வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இளமையும் இடியும்

அம்மையார் 1925-ஆம் ஆண்டு கேரளத்தில் கொச்சியை அடுத்த செறாயி என்னும் ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மகப்பேறு மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றுத் தாய்மார்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. 1954-ஆம் ஆண்டு, உடன் பணிபுரிந்த இளம் மருத்துவர்களோடு சென்றபோது அவர்கள் பயணம் செய்த வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுப்போயிற்று. நோயாளிகளின் கட்டிலருகே நின்றவர் தாமே கட்டிலில் கிடக்க நேர்ந்தது. இனி எழுந்து நடக்க முடியாது என்பதை மருத்துவரான அவருக்கு வேறொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உட்கார்ந்தே செய்த அறுவை

இந்த இருளில் வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி, மீண்டும் இயங்கச் செய்யும் முறையை வேலூரில் வளர்த்தவர். நன்றாக இயங்கும் தசைநாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு விரலோடு இணைப்பதே அம்முறை. கை அறுவையை மருத்துவர் உட்கார்ந்தே செய்வது வழக்கம். எனவே நிற்க இயலாமை இதற்குத் தடையாகாது. அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இந்த அறுவையைக் கற்றார். தொழுநோயாளர் பலரின் கைகளுக்கு வேலை செய்யும் ஆற்றலை மீட்டுத் தந்தார். கால் இழந்தவர் பிறர்க்குக் கை கொடுத்தார் எனின் மிகையாகாது.

கற்றதும் கட்டியதும்

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, தம் உடலைத் தாமே பேணிக்கொள்ளும் பயிற்சிகளைப் பெற்றார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமல் காப்பது, சிறுநீர்ப்பையில் நோய் தொற்றாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை நமக்குச் சிறியனவாகத் தோன்றலாம். தண்டுவடம் அடிபட்டவருக்கோ உயிரைக் காப்பவை இவையே. அடுத்து நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் உதவித்தொகை பெற்றுப் பயின்றார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கு மறுவாழ்வு அளித்த அனுபவத்திலிருந்து இத்துறையை வளர்த்தவர் ரஸ்க்.

வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் அம்மையாருக்கு வாழ்க்கை எளிதாக இருந்திருக்கும். சாய்தளமும் மின்தூக்கியும் அரிதாகவே காணப்பட்ட நாட்டுக்கே அவர் திரும்பி வந்தார். 1963-இல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் உருவாயிற்று. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது என்பர். நடக்க முடியாதென்று மனமுடைந்து வந்த நோயாளி, தன்னைப் போலவே சக்கர நாற்காலியில் வரும் மருத்துவரைக் கண்டான். அந்தக் காட்சியே அவனுக்கு முதல் மருந்தாயிற்று. 1972-இல் மத்திய அரசு அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளை வேலூரில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் பணியை மேற்கொண்டது.

பொருள் வந்த வழி

இத்தகைய பணிக்குப் பெரும் இடையூறு பணம். காய்ச்சல் நோயாளி சில நாளில் கட்டிலைக் காலி செய்துவிடுவார். தண்டுவட நோயாளி மாதக்கணக்கில் தங்க வேண்டும். பயிற்சியாளர், காலணி, தாங்கி, நாற்காலி என்று செலவு நீளும். வருமானம் நின்றுபோன குடும்பம் இதனைத் தாங்காது. ஆகவே பிறர் கொடை இன்றி இப்பணி நடவாது. வேலூர் மருத்துவமனையே கொடையில் வளர்ந்ததுதான். 1900-இல் ஒரே கட்டிலோடு அதனைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், கல்லூரியை உயர்த்துவதற்காக 1941-இல் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். அப்போது அவருக்கு வயது எழுபது. மேரி வர்கீஸின் வாழ்க்கை 1963-இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. வேலூரில் இப்படியொரு தொண்டு நடைபெறுவதைக் கடல் கடந்த நாட்டினரும் அறிந்தனர். தாம் பட்ட துன்பத்தைச் சொல்ல இசைந்தபோது, அதனைப் பிறர்க்குப் பயன்படும் செய்தியாக்கினார் அம்மையார்.

நம் ஊரும் நம் கடமையும்

நான் சானமாவைச் சேர்ந்தவன். ஒரு பக்கம் யானைகள் வந்து தங்கும் காப்புக்காடு. மறுபக்கம் ஓசூர்த் தொழிற்சாலைகள். அருகே இரவும் பகலும் லாரிகள் விரையும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை. எங்கள் பகுதியில் அடிபடாதவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. என் தாய்மாமன் சுமை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினர். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எங்களுக்குப் புண் வந்த பிறகே தெரிந்தது. சிகிச்சைக்காக அத்தை தம் தாலிச் சங்கிலியை விற்றார். சக்கர நாற்காலி வந்த அன்று, மாமன் அதில் அமர மறுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உடைந்தது எலும்பு மட்டுமில்லை, மனமும்தான் என்று அன்று அறிந்தேன். ஆறு மாதம் கழித்தே வாசலுக்கு வந்தார். இன்று அதே நாற்காலியில் அமர்ந்து சிறு பெட்டிக்கடை நடத்துகிறார்.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக வழங்குகிறது. போற்றத்தக்க திட்டம் இது. ஆயினும் நாற்பத்தொன்பதாவது மணி முதல் தொடங்கும் நீண்ட வாழ்க்கை ஒன்று இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த வாழ்வுக்குரிய உரிமைகளைச் சொல்கிறது. அவற்றை விண்ணப்பித்துப் பெறுவதற்குப் படித்தவர் துணை வேண்டும்.

மாணவத் தோழர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது, அவ்வூரில் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்போர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்கள். சான்றிதழும் உதவித்தொகையும் பெற மனு எழுதிக் கொடுங்கள். தேநீருக்குச் செலவிடும் காசில் மாதம் பத்து ரூபாயை ஒவ்வொரு மாணவரும் சேர்த்தால், ஆண்டுக்குச் சில நாற்காலிகளும் படுக்கைப்புண் தடுக்கும் மெத்தைகளும் வாங்கலாம். இதனைச் செய்யப் பெருஞ்செல்வம் தேவையில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் நாற்காலியிலிருந்தே பிறரை நிமிர்த்திய ஒரு பெண்மணிக்கு, நடக்கும் கால்களைப் பெற்ற நாம் செலுத்தும் வணக்கம் இதுவாகட்டும்.