'காக்கா எங்கே, காட்டு பார்க்கலாம்?' இந்த விளையாட்டைப் புத்தகமாக்கிய மனிதரின் கதை!

வேப்பந்தட்டை பக்கம் ஏதாவது ஓர் அங்கன்வாடிக்குள்ள எட்டிப் பாருங்க. சுவர்ல யானை, மயில், பஸ், வாழைப்பழம்னு படமா இருக்கும். 'யானை எங்கே?'ன்னு டீச்சர் கேட்டதும் ஒரு வாண்டு ஓடிப்போய் யானையோட வயித்துல விரல் வெச்சு நிக்கும். முகத்துல அப்படியொரு பெருமை!

படத்துல தேடிக் கண்டுபிடிக்கிற இந்த விளையாட்டுக்குன்னே இன்னிக்குத் தனிப் புத்தகங்கள் இருக்கு. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரர் வாலியை நீங்களும் தேடியிருப்பீங்க. மார்ட்டின் ஹாண்ட்ஃபோர்டு வரைஞ்ச அந்தப் புத்தகம் வந்தது 1987-ல. ஒரு ஊரையே பக்கம் முழுக்க நெருக்கியடிச்சு வரைஞ்ச ஜெர்மன்காரர் அலி மிட்குட்ஷ், 1968-லேயே வந்துட்டார். ஆனா அவருக்கும் 310 வருஷம் முன்னாடி, படத்தைப் பார், பொருளைத் தேடு, பேரைச் சொல்லுன்னு குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் போட்டவர் ஒருத்தர் இருக்கார். ஜான் அமோஸ் கொமீனியஸ்.

உங்க வீட்டுல பி.எட் படிச்ச அக்கா இருந்தா கேட்டுப் பாருங்க. பேரைச் சொன்னதும் 'நவீனக் கல்வியின் தந்தை'ன்னு பதில் வரும். பரீட்சைக்கு அது போதும். ஆனா அந்த மனுஷன் பட்ட பாடு அந்த ஒரு வரியில இல்லை.

1592 மார்ச் 28. இன்னிக்குச் செக் குடியரசுல இருக்கிற மொராவியா பகுதியில பிறந்தார். பன்னிரண்டு வயசுக்குள்ள அப்பா, அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. வளர்ந்தது அத்தை வீட்டுல. லத்தீன் பள்ளிக்கூடத்துல சேரும்போதே வயசு பதினாறு ஆகிடுச்சு. சின்னப் பசங்களோட உட்கார்ந்து, புரியாத மொழியில புரியாத இலக்கணத்தை அடிவாங்கி மனப்பாடம் பண்ற வகுப்பு எப்படியிருக்கும்னு வளர்ந்த கண்ணால பார்த்தார். தாமதமா போனதுதான் ஒருவகையில நல்லதாப் போச்சுன்னு எனக்குத் தோணுது. ஆறு வயசுல போயிருந்தா, பள்ளிக்கூடம்னாலே இப்படித்தான்னு பழகியிருப்பாரே!

படிச்சு முடிச்சுப் பாதிரியார் ஆனார். கல்யாணம் ஆச்சு. 1618-ல ஐரோப்பாவுல முப்பதாண்டுப் போர் வெடிச்சது. அவருடைய புராட்டஸ்டன்ட் சபை தோற்ற பக்கம். ஊருக்குள்ள படை புகுந்ததும் அவர் தலைமறைவாக வேண்டியிருந்தது. அவர் பக்கத்துல இல்லாத நேரத்துல, 1622-ல, மனைவியையும் இரண்டு சின்னக் குழந்தைகளையும் கொள்ளைநோய் கொண்டுபோயிடுச்சு. அப்போ அவருக்கு முப்பது வயசு.

மறுபடியும் குடும்பம் அமைஞ்சது. ஆனா 1628-ல நாட்டைவிட்டே வெளியேறி போலந்துல லெஷ்னோங்கிற ஊருக்குப் போனார். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் சொந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை.

அகதியா வாழ்ந்த அந்த ஊர்லதான், ஆறு வயசு வரைக்கும் குழந்தைக்குத் தாய்மடிதான் பள்ளிக்கூடம்னு சொல்லி, பெத்தவங்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். ஓட விடுங்க, விளையாட விடுங்க, கண்ணால காட்டி, தொட வெச்சுப் பேர் சொல்லிக்கொடுங்கன்னு போகும் அது. குழந்தையோட கைக்கு நேரா கொடுக்க ஒரு படப்புத்தகம் வேணும், வகுப்பறைச் சுவர்ல படங்கள் இருக்கணும்னும் அந்த வருஷங்கள்லயே எழுதி வெச்சார். (நம்ம அங்கன்வாடிச் சுவர் ஞாபகம் வருதா?) சொன்னதை அவரே செஞ்சு முடிக்க இருபத்தைந்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஹங்கேரியில ஷாரோஷ்பட்டாக் பள்ளியில 1650 முதல் 1654 வரைக்கும் வேலை பார்த்தப்போதான் அந்தப் புத்தகம் உருவாச்சு. ஆனா இத்தனை படங்களை மரப்பலகையில செதுக்கித் தர அங்கே ஆள் இல்லை. ஜெர்மனியோட நூரெம்பெர்க் நகரத்துக்கு அனுப்பிட்டுக் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்புக்கு நடுவுல இன்னொரு இடி. 1656-ல போர் லெஷ்னோவையே எரிச்சது. வீடு, நூலகம், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போச்சு. ஏறக்குறைய நாற்பது வருஷமா தொகுத்துக்கிட்டிருந்த செக் மொழி அகராதியும் அதுல சாம்பல். நாம ஒரு போன் தொலைஞ்சு போட்டோ போனாலே ரெண்டு நாள் சாப்பிட மாட்டோம்!

64 வயசுல ஆம்ஸ்டர்டாம்ல தஞ்சம். 1658-ல புத்தகம் வந்தது. பேர், 'ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்'. கண்ணுக்குத் தெரியும் உலகம், படங்களில்னு வெச்சுக்கலாம். சுமார் 150 படங்கள். வானம், நெருப்பு, பறவை, தையல்காரர், முடிதிருத்தும் கடை, பசங்க விளையாட்டுன்னு ஒவ்வொண்ணும் ஒரு பக்கம்.

விஷயம் எங்கே இருக்குன்னா, படத்துக்குள்ள குட்டிக்குட்டி எண்கள்ல. செருப்பு தைக்கிறவர் பக்கத்தை எடுத்துக்கோங்க. 1 அவர். 2 குத்தூசி. கீழே இருக்கிற வாக்கியத்துலயும் அதே எண். எண்ணைப் பிடிச்சுக்கிட்டு குழந்தையோட விரல் வார்த்தையிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து வார்த்தைக்கும் போய்ப் போய் வரணும். பக்கத்துல ஜெர்மன், லத்தீன் ரெண்டும். தெரிஞ்ச தாய்மொழியைப் பிடிச்சுத் தெரியாத மொழிக்குப் போகும் வழி அது. எழுத்துக்களை அறிமுகப்படுத்தறதுகூட மிருகங்களோட சத்தத்துல இருந்துதான். முதல் எழுத்தைக் கத்துறது யாருன்னு நினைக்கிறீங்க? காக்கா!

புத்தகத்தை எப்படிப் பயன்படுத்தணும்னு முன்னுரையிலயே சொல்லியிருக்கார். பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே கையில கொடுத்திடுங்க, சும்மா பார்த்து ரசிக்கட்டும். அப்புறம் இது என்ன, அது என்னன்னு கேளுங்க. முடிஞ்சா நிஜப் பொருளையும் காட்டுங்க. ஆசைப்பட்டா அதைப் பார்த்து வரையவும் விடுங்க. கவனிச்சீங்களா, எல்லாத்துக்கும் பக்கத்துல ஒரு பெரியவங்க உட்காரணும். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்னு விளையற பெரம்பலூர்ப் பக்கத்துக் குழந்தைக்கு, படத்துல வெங்காயத்தைக் காட்டிட்டு அடுப்படிக்குப் போய் நிஜத்தை உரிச்சுக் காட்ட எவ்வளவு நேரம் ஆகிடப்போகுது?

அடுத்த வருஷமே ஆங்கிலத்துல வந்தது. அடுத்தடுத்துப் பல மொழிகள். நூறு வருஷம் கழிச்சுப் பிறந்து வளர்ந்த கதேவுக்கும், சின்ன வயசுல குழந்தைகளுக்குன்னு கிடைச்ச புத்தகம் கிட்டத்தட்ட இது ஒண்ணுதான்.

1670 நவம்பர் 15-ல ஆம்ஸ்டர்டாம்ல இறந்தார். பக்கத்துல நார்டன்ங்கிற ஊர்ல கல்லறை. வாழும்போது இடம் கொடுக்காத அவரோட தாய்நாடு, இப்போ அவரோட பிறந்தநாளை ஆசிரியர் தினமா கொண்டாடுது. 200 கொருனா நோட்டுல ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் ஒரு பெரியவர் கையும் ஒரு குழந்தை கையும்.

புத்தகத்தோட பழைய ஆங்கிலப் பதிப்பு புராஜெக்ட் குட்டன்பெர்க்ல இலவசமாவே இருக்கு. இன்னிக்கு ராத்திரி வாண்டை மடியில வெச்சு, போனைப் பெரிசு பண்ணிக் காக்காவைத் தேடச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு... குற்றவாளிகளைத் தூக்குல போடுறதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கார். அந்தப் பக்கம் வந்தா வேகமா தள்ளி விட்டுடுங்க!