ஒரு சட்டத்துள் இரு பார்வை

பாஸ்டன் நகரில் மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்ற எளிய குடும்பத்தில் 1706ஆம் ஆண்டு பிறந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பத்து வயதோடு அவரது பள்ளிப்படிப்பு நின்றது. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகினார். எழுத்துகளை இடவலம் மாற்றிப் படித்து அடுக்கும் அத்தொழிலே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. பின்னாளில் பிலடெல்பியாவில் இதழாசிரியராகவும் மின்னலின் இயல்பை ஆராய்ந்த அறிவியலாளராகவும் புகழ் பெற்றார்.

அமெரிக்க விடுதலைப் போருக்குத் துணை தேடி, 1776இல் பிரான்சு சென்றபோது அவருக்கு அகவை எழுபது. மடல்களைப் படிப்பதும், விருந்துகளில் அயல்மொழியில் உரையாடுவதும் அங்கே அவருடைய அன்றாடப் பணிகள். அவற்றுக்குக் கண்களே தடையாயின.

அருகிலுள்ளதைக் காணும்போது கண்ணின் வில்லை குவிந்து தடிக்கும். முதுமையில் அது இறுகி, அந்நெகிழ்வை இழக்கும். இதனால் விளையும் பார்வைக் குறையே வெள்ளெழுத்து. பிராங்க்ளினுக்குத் தொலைவைக் காணவும் கண்ணாடி வேண்டியிருந்தது. ஆகவே, இரண்டு கண்ணாடிகளைச் சுமந்து, பயணங்களில் நூலுக்கு ஒன்றும் இயற்கைக் காட்சிக்கு மற்றொன்றுமாக மாற்றி மாற்றி அணிந்தார்.

இத்தொல்லைக்கு அவர் கண்ட தீர்வு எளிமையானது. இருவகை வில்லைகளையும் பாதியாக வெட்டச் செய்து, ஒரே சட்டத்தில் பொருத்தினார். மேற்பாதி தொலைவுக்கு, படிக்கும்போது விழி தாழ்வதால், கீழ்ப்பாதி அண்மைக்கு. உணவுத்தட்டும் எதிரில் இருப்பவர் முகமும் ஒருசேரத் தெளிந்தன. பேசுவோரின் முகக்குறிப்பு தெரிந்ததால் பிரெஞ்சு மொழியும் எளிதில் விளங்கிற்று. இப்பயன்களை 1785இல் இலண்டன் நண்பருக்கு எழுதிய மடலில் விளக்கினார்.

பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயனடைவதுபோல் நம்முடையவையும் பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. முன்னர் தாம் வடிவமைத்த அடுப்புக்குக் காப்புரிமை அளிக்க ஆளுநர் முன்வந்தபோதும் மறுத்தவர் அவர். 1787இல், தம் 81ஆம் அகவையில், அமெரிக்க அரசமைப்பில் கையொப்பமிட்டார்; 1790இல் மறைந்தார்.

இருகுவியக் கண்ணாடியிலும் குறை இருந்தது. இரு பாதிகளும் சேருமிடத்தில் காட்சி சட்டெனத் தாவியது, இடைத்தொலைவு தெளியவில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார்டு மெய்த்னாஸ் உருவாக்கி, 1959இல் வெளிவந்த வாரிலக்ஸ் வில்லை இதற்கு வழி கண்டது. அதன் வளைவு மேலிருந்து கீழாகப் படிப்படியாக மாறுவதால் பிரிகோடு இல்லை. ஆயினும் பக்கங்களில் காட்சி சற்றே மங்கும்; அம்மங்கலைக் குறைப்பதே வடிவமைப்பாளரின் இன்றைய பணி. முதியவர் ஒருவர் தம் தேவைக்காகத் தொடங்கிய முயற்சி, எண்ணற்றோர் முதுமையிலும் படிக்கத் துணைநிற்கிறது.