விலை கொடுத்துப் பெற்ற விடுதலை
(புனித ஜோசபின் பகித்தாவின் வாழ்க்கை)



ஜூபிலி என்றதும் கொடியேற்றமும் கூட்டுத் திருப்பலியும் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்திலோ ஜூபிலிக்கு இன்னும் ஆழமான பொருள் உண்டு. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி நாடெங்கும் விடுதலையை அறிவிக்க வேண்டும். வறுமையால் விலைபோனவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே, விலைபோன ஒரு பெண் தன் விடுதலைக்காக எழுந்து நின்ற வரலாற்றை இம்மலரில் உங்கள் முன் வைப்பது பொருத்தம் என்று கருதுகிறேன்.

ஆப்பிரிக்காவில் சூடான் நாட்டின் மேற்கே டார்ஃபூர் என்னும் பகுதி உள்ளது. அங்கே 1869-ஆம் ஆண்டளவில் ஒரு வசதியான குடும்பத்தில் அந்தப் பெண் குழந்தை பிறந்தது. ஏழெட்டு வயதில் வயல்வெளியில் இருந்த சிறுமியை அடிமை வியாபாரிகள் கடத்திச் சென்றனர். அச்சத்தினால் தன் சொந்தப் பெயரையே அவள் மறந்துபோனாள். பெற்றோர் இட்ட அப்பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது. கடத்தியவர்களே அவளுக்குப் பகித்தா என்று பெயர் வைத்தனர். அரபு மொழியில் அதற்குப் பாக்கியவதி என்று பொருள். சங்கிலியில் பிணைத்த குழந்தைக்குப் பாக்கியவதி என்று பெயர்!

ஒருநாள் இரவு இன்னொரு சிறுமியோடு சேர்ந்து அவள் தப்பி ஓடினாள். வழியில் உதவி செய்வதாகச் சொன்ன மனிதன் இருவரையும் ஆட்டுப்பட்டியில் கட்டிப்போட்டுப் பிறகு விற்றுவிட்டான். தனக்காக எழுந்து நின்றதற்கு அவள் கொடுத்த முதல் விலை அது. அதன்பின் அவள் கை மாறி, கை மாறிச் சந்தைப் பொருளானாள். ஒரு வீட்டில் எஜமானின் மகன் அடித்த அடியில் பல நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். துருக்கிப் படைத்தலைவர் ஒருவரின் வீட்டில் சாட்டையடி அன்றாட உணவு போலாயிற்று. அவ்வீட்டுப் பெண்ணின் கட்டளையால் அவள் உடலில் மாவினால் கோலம் வரைந்து, அக்கோடுகளின்மேல் கத்தியால் கீறி, காயங்களில் உப்பைத் திணித்தனர். நூற்றுக்கு மேற்பட்ட அத்தழும்புகள் சாகும்வரை அழியவில்லை.

1883-ஆம் ஆண்டு கார்ட்டூம் நகரில் இத்தாலியத் துணைத் தூதுவர் கல்லிஸ்தோ லெஞ்ஞானி என்பவர் அவளை வாங்கினார். அந்த வீட்டில் சாட்டை இல்லை. அங்கே கலகம் மூண்டு அவர் தாய்நாடு திரும்ப நேர்ந்தபோது, தன்னையும் அழைத்துச் செல்லுமாறு பகித்தா கெஞ்சினாள். 1885-இல் இருவரும் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தை அடைந்தனர். அங்கே அவர் தம் நண்பர் அவுகுஸ்தோ மிக்கியேலியின் மனைவி துரீனா அம்மையாருக்கு அவளைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மையார் அவளை வெனிஸ் நகருக்கு அருகிலுள்ள தம் ஊருக்கு அழைத்துச் சென்றார். அடுத்த ஆண்டு அவ்வீட்டில் பிறந்த மிம்மினா என்ற பெண் குழந்தை பகித்தாவின் மடியில்தான் வளர்ந்தது. தாயை இழந்த சிறுமிக்கு இக்குழந்தையே உறவு, இக்குழந்தையே உலகம்.

மிக்கியேலி செங்கடல் துறைமுகமான சுவாக்கினில் ஒரு பெரிய ஓட்டல் வாங்கினார். அதைக் கவனிக்கச் சென்ற துரீனா அம்மையார், 1888 நவம்பர் 29-ஆம் நாள், மகளையும் பகித்தாவையும் வெனிஸ் நகரில் கனோசியன் சபைக் கன்னியரின் மடத்தில் விட்டுச் சென்றார். அக்குடும்பத்தின் சொத்துக்களைக் கவனித்து வந்த இல்லுமினாத்தோ கெக்கீனி என்ற நல்ல மனிதரே இந்த ஏற்பாட்டுக்குத் துணை நின்றவர். அவர் முன்னமே பகித்தாவுக்கு ஒரு வெள்ளிப் பாடுபட்ட சுரூபத்தைக் கொடுத்திருந்தார். சுரூபத்தில் தொங்கியவர் யாரென்று அப்போது அவளுக்குத் தெரியாது. கன்னியரிடம் ஞானோபதேசம் கற்றபோது, கசையடி பட்ட அந்த ஆண்டவர் தன்னை அறிந்தவர், தன்னை நேசிப்பவர் என்று கண்டுகொண்டாள்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து எஜமானியம்மாள் திரும்பி வந்தார். மகளையும் பணிப்பெண்ணையும் சுவாக்கினுக்கு அழைத்துச் செல்வது அவருடைய எண்ணம். அப்போதுதான், வாழ்நாளெல்லாம் கட்டளைக்குப் பணிந்தே பழகிய பகித்தா, வரமாட்டேன் என்று மறுத்துவிட்டாள்.

அன்பர்களே, இந்த மறுப்பின் கனத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உப்பைத் திணித்தவளை மறுப்பது எளிது. துரீனா அம்மையாரோ அவளைச் சாட்டையால் அடித்தவர் அல்லர். அவள்மேல் பாசம் உள்ளவர். ஆனால் பாசம் இருந்தும், பகித்தாவைத் தமக்குச் சொந்தமான உடைமையாகவே அவர் எண்ணினார். சோறிட்ட வீட்டை மறுத்தவள் என்ற பழி ஒருபுறம். தன் மடியில் வளர்ந்த பிள்ளையின் கண்ணீர் மறுபுறம். வெளியே அவளுக்கு வீடு இல்லை, இனத்தார் இல்லை, கையில் காசும் இல்லை. சரி என்று தலையாட்டியிருந்தால் குழந்தையாவது மிஞ்சியிருக்கும்.

எஜமானியம்மாள் விடவில்லை. மடத்துத் தலைவி அதிகாரிகளிடம் முறையிட்டார். வெனிஸ் முதுபெரும் தந்தை கர்தினால் தொமெனிக்கோ அகோஸ்தீனியும் அரசு வழக்கறிஞரும் வந்து விசாரித்தனர். 1889 நவம்பர் 29-ஆம் நாள் தீர்ப்புக் கிடைத்தது. இத்தாலியச் சட்டம் அடிமை முறையை ஏற்பதில்லை. சூடானிலும் அவள் பிறப்பதற்கு முன்பே அது சட்டப்படி விலக்கப்பட்டிருந்தது. ஆகவே அவள் ஒருபோதும் சட்டப்படி அடிமையாக இருந்ததில்லை. இதுவே தீர்ப்பு. அவள் பட்ட அடிகள் அனைத்தும் சட்டம் ஒப்பாத அடிகள் என்று அன்றுதான் தெரிந்தது!

தீர்ப்பு வந்த அந்த நாளே பிரிவின் நாளும் ஆயிற்று. பிடித்த கையை விடாமல் அழுத மிம்மினாவைப் பிரித்தெடுத்துத் தாய் கொண்டு சென்றார். விடுதலை பெற்ற பகித்தா அன்று சிரிக்கவில்லை, அழுதாள்.

1890 ஜனவரி 9-ஆம் நாள் கர்தினால் அகோஸ்தீனியின் கரங்களால் ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் புதுநன்மையும் பெற்று, ஜோசபின் என்ற பெயரோடு அவர் இறைவனின் பிள்ளையானார். பிற்காலத்தில் அந்த ஞானஸ்நானத் தொட்டியை அவர் முத்தமிடுவதைப் பலர் கண்டதுண்டு. 1896 டிசம்பர் 8-ஆம் நாள் கனோசியன் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902 முதல் ஸ்கியோ என்னும் ஊரில் சமையல், தையல், பூத்தையல், வாசல் காவல் என்று எளிய பணிகளைச் செய்தார். ஊரார் அவரைக் கறுப்பு அன்னை என்று அன்போடு அழைத்தனர். எஜமானர் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கியவர், அதே சொல்லால் கடவுளை நல்ல எஜமானர் என்று மகிழ்வோடு அழைத்தார்.

தம்மைக் கடத்தியவர்களைச் சந்தித்தால் முழந்தாளிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன் என்ற கருத்தை அவர் கூறியதுண்டு. அவர்கள் வழியாகவே தாம் கிறிஸ்துவிடம் வந்ததாக நம்பினார். இதை நாம் தவறாகப் பொருள் கொள்ளக்கூடாது. அடிபடும் மனைவியிடமும், கூலி மறுக்கப்பட்ட வேலைக்காரனிடமும், புனிதர்களைப் போலப் பொறுத்துக்கொள் என்று சொல்வோர் உண்டு. பகித்தா முழுமனதோடு மன்னித்தார். ஆனால் திரும்பிப் போகவில்லை. மன்னிப்பு வேறு, மறுபடி நுகத்துக்குக் கழுத்தை நீட்டுவது வேறு. மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன நம் ஆண்டவரே, தலைமைக் குருவின் முன் காவலன் அறைந்தபோது, அடித்ததன் காரணத்தைக் கேட்டார் அல்லவா? புனித பவுலடியாரும் கசையடிக்குக் கட்டப்பட்ட வேளையில் தம் உரோமைக் குடியுரிமையை எடுத்துக் கூறினார் அல்லவா?

எழுந்து நிற்பவருக்கு வலியே இராது என்றும் நாம் எண்ணக்கூடாது. 1947-ஆம் ஆண்டு மரணப் படுக்கையில் அன்னை பகித்தா நினைவு தடுமாறிய வேளைகளில், சங்கிலிகள் கனக்கின்றன, தளர்த்திவிடுங்கள் என்று பணிவிடை செய்தவரை வேண்டினார். தீர்ப்புக் கிடைத்து ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆன பிறகும் உடல் அந்த இரும்பை மறக்கவில்லை. பிப்ரவரி 8-ஆம் நாள் அன்னை மரியாவின் பெயரை உச்சரித்தவாறு அமைதியாக உயிர் நீத்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2000 அக்டோபர் 1-ஆம் நாள் புனிதராகவும் உயர்த்தினார். அவர் இறந்த நாளான பிப்ரவரி 8, மனித வணிகத்துக்கு எதிரான செப நாளாக 2015 முதல் திருச்சபையில் அனுசரிக்கப்படுகிறது.

இறுதியாக ஒன்று. பகித்தா மறுத்தபோது அவர் தனித்து விடப்படவில்லை. சுரூபம் கொடுத்த ஒரு பொதுநிலையினர், கதவைத் திறந்த கன்னியர், முறையிடத் தயங்காத தலைவி, நேரில் வந்த ஆயர், நேர்மையான நீதிபதி ஆகியோர் இருந்தனர். இவர்களில் ஒருவர் பின்வாங்கியிருந்தாலும் அவர் சுவாக்கினுக்குக் கப்பல் ஏறியிருப்பார். நம் பங்கிலும் அநியாயம் தாங்காமல் என்றாவது ஒருவர் எழுந்து நிற்பார். அதற்கான விலையை அவர்தான் கொடுத்தாக வேண்டும். ஆனால் முழு விலையையும் அவர் ஒருவரே சுமக்கும்படி நாம் விட்டுவிடலாகாது. அவருக்குத் திறக்கும் கதவு நம் ஆலயக் கதவாகவும், நம் இல்லங்களின் கதவாகவும் இருக்குமானால், இந்த ஜூபிலியின் எக்காளம் உண்மையாகவே ஒலித்ததாகும்.

புனித ஜோசபின் பகித்தாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!

இயேசுவில் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை