எழுத்துக்கு ரூ.25... படத்துக்கு ரூ.30 லட்சம்! விளம்பரத்தை நம்பி சொத்தையே அடகு வைத்த வாசன்

சென்னையில் பஸ் ஏறி ஜெமினி என்று டிக்கெட் கேட்டால், கண்டக்டர் மறுபேச்சு பேசாமல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் அங்கே ஜெமினி என்று ஒன்றும் கிடையாது. ஸ்டூடியோ போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. பாலத்துக்குப் பெயர் அண்ணா மேம்பாலம். ஆனாலும் சனங்களுக்கு அது ஜெமினிதான்.

அந்தப் பெயரை ஊர் வாயில் ஒட்ட வைத்தவர் எஸ்.எஸ்.வாசன். படத் தயாரிப்பாளர், டைரக்டர், பத்திரிகை முதலாளி என்று அவருக்குப் பல முகம். ஆனால் அவர் முதன்முதலில் கற்றுக்கொண்ட தொழில் விளம்பரம். கடைசி வரை அவரைக் காப்பாற்றியதும் அதுதான். ஒரு கட்டத்தில் நடுத்தெருவுக்குக் கொண்டுவரப் பார்த்ததும் அதே துணிச்சல்தான்.

திருத்துறைப்பூண்டி பையன்

1904-ம் ஆண்டு திருத்துறைப்பூண்டியில் பிறந்தார் சீனிவாசன். பிற்பாடு சுருங்கி வாசன் ஆனது. சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். தாயார் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னைக்கு வந்தார்.

பச்சையப்பன் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. வீட்டு நிலைமை அப்படி. தபாலில் பொருள் விற்கும் வியாபாரம் பார்த்தார். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தார்.

தபால் வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. கடையில் என்றால் பொருளை எடுத்துக் காட்டலாம், பேசிச் சரிக்கட்டலாம். தபாலில் அதெல்லாம் நடக்காது. அச்சிலே இருக்கும் நாலு வரியும் ஒரு படமும்தான் பேச வேண்டும். அதைப் பார்த்து எங்கேயோ ஒரு கிராமத்தில் இருப்பவர் கார்டு எடுத்து ஆர்டர் எழுத வேண்டும். இந்த வித்தை வாசனுக்கு இருபது வயசுகளிலேயே கைவந்துவிட்டது.

8 எழுத்து, ரூ.200

அப்போது பூதூர் வைத்தியநாத அய்யர் என்பவர் ஆனந்த விகடன் என்று ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டு இருந்தார். 1926-ல் தொடங்கியது. வாசன் அதற்கும் விளம்பரம் கொடுத்து வந்தார். திடீரென்று ஒரு மாதம் பத்திரிகை வரவில்லை. விளம்பரம் என்ன ஆச்சு என்று விசாரிக்கப் போனார் வாசன். நடத்த முடியவில்லை என்று அய்யர் கையை விரித்துவிட்டார்.

விசாரிக்கப் போனவர் பத்திரிகையையே வாங்கிக்கொண்டு வந்தார்! 1928-ல் நடந்த சங்கதி இது. எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 8 எழுத்துக்கு ரூ.200 கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆ-ன-ந்-த-வி-க-ட-ன்... எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

அதற்குப் பிறகு பத்திரிகையின் போக்கே மாறியது. கல்கி எழுத வந்தார். மாலி படம் போட வந்தார். பின்னால் தேவன், கோபுலு என்று பெரிய பட்டாளமே சேர்ந்தது. குறுக்கெழுத்துப் போட்டி வைத்து பரிசுப் பணம் கொடுத்தார். சனங்கள் பைத்தியமாய் வாங்கினார்கள். இது சூதாட்டம் மாதிரி இருக்கே என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. விற்பனை என்னவோ மளமளவென்று ஏறியது.

அட்டையைப் பார்த்தவுடனே சிரிப்பு வர வேண்டும் என்பது விகடன் பாணி. அட்டைப்பட ஜோக் பத்திரிகைக்கு அடையாளமாகவே ஆகிப்போனது. பெட்டிக்கடையில் பத்து பத்திரிகை தொங்கும். நடந்து போகிற ஆள் அரை நிமிஷம் நிற்பார். அந்த அரை நிமிஷத்தில் அவர் கையைப் பாக்கெட்டுக்குப் போக வைப்பது அட்டைதான்.

எரிந்த ஸ்டூடியோ

சினிமா தேடிக்கொண்டு வந்தது. வாசன் விகடனில் எழுதிய தொடர்கதையைத்தான் 1936-ல் "சதி லீலாவதி" என்று படம் எடுத்தார்கள். எல்லிஸ் ஆர்.டங்கன் டைரக்ஷன். எம்.ஜி.ஆர். முதன்முதலாக திரையில் தலை காட்டிய படம் இது. கதை கொடுத்ததோடு வாசன் நிற்கவில்லை. படங்களை வாங்கி வெளியிடும் விநியோகத் தொழிலில் இறங்கினார்.

மவுண்ட்ரோட்டில் டைரக்டர் கே.சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ ஒன்று இருந்தது. அது தீயில் எரிந்து, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. சுமார் 86 ஆயிரம் ரூபாய்க்கு வாசன் எடுத்தார். ஜெமினி ஸ்டூடியோ பிறந்தது. பெயர் எப்படி வந்தது என்பதற்கு ராசி என்று ஒரு கதை, ரேஸ் குதிரை என்று ஒரு கதை. அவருக்கு ரேசில் பிரியம் உண்டு என்பதால் இரண்டாவதும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

குழல் ஊதும் இரட்டைக் குழந்தைகளை ஜெமினியின் சின்னமாக வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அந்தப் படத்தைப் பார்த்து ஜெமினி படம் என்று அடையாளம் சொன்னார். "நந்தனார்", "மங்கம்மா சபதம்" என்று படங்கள் வந்தன.

கதை இல்லை, விளம்பரம் ரெடி!

1943 வாக்கில் "சந்திரலேகா" என்று ஒரு படம் எடுக்கப் போவதாக ஜெமினி அறிவித்தது. விளம்பரமும் தடபுடலாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது கதை முடிவாகவில்லை!

முதலில் சொன்ன கதை வாசனுக்குப் பிடிக்கவில்லை. தூக்கிப் போட்டார். பெயர் மட்டும் பிடித்திருந்தது. அதை வைத்துக்கொண்டார். கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே.மகாதேவன் அடங்கிய கதை இலாகா தலையைப் பிய்த்துக்கொண்டது. ஆங்கில நாவலாசிரியர் ரெனால்ட்ஸ் எழுதிய நாவல் ஒன்றில் கிடைத்த பொறியை வைத்து ராஜா ராணிக் கதை தயார் ஆனது. ஒரு பெண், அவளுக்காக மோதும் இரண்டு இளவரசர்கள்.

டி.ஆர்.ராஜகுமாரி கதாநாயகி. எம்.கே.ராதா கதாநாயகன். ரஞ்சன் வில்லன். ஆச்சார்யா டைரக்ஷனில் தொடங்கிய படத்தை, பாதியில் வாசனே கையில் எடுத்தார். அவர் டைரக்ட் செய்த முதல் படம் அதுதான்.

உலகப்போர் நேரம் அது. பிலிம் சுருளுக்குக் கட்டுப்பாடு. படம் 11 ஆயிரம் அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. காகிதத்துக்கும் தட்டுப்பாடு. பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. வாசனின் இரண்டு தொழிலுக்கும் ஒரே நேரத்தில் அடி!

அட்டைப்படம் உருவான விதம்

அந்தக் காலத்தில் சினிமா விளம்பரம் என்றால் டி.வி. கிடையாது. எல்லாம் காகிதம்தான். போஸ்டர், நாளிதழ் விளம்பரம், தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகம். "பேசும் படம்", "குண்டூசி" போன்ற சினிமா பத்திரிகைகளும் அந்தப் பத்து வருஷத்தில்தான் வந்தன. பம்பாயில் பாபுராவ் பட்டேல் நடத்திய "பிலிம் இந்தியா"வின் அட்டைகளுக்கு வடக்கே தனி மவுசு. அதற்கு வரைந்த எஸ்.எம்.பண்டிட், குல்பர்காவில் பிறந்து நம்ம சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்.

ஒரு அட்டை தயாராவது லேசுப்பட்ட வேலை இல்லை. படம் கருப்பு வெள்ளை. ஸ்டில் கேமராக்காரர் எடுத்த போட்டோவும் கருப்பு வெள்ளைதான். அதில் ஓவியர் கையால் வர்ணம் தீட்டுவார். உதட்டுக்குச் சிவப்பு, புடவைக்குப் பச்சை என்று அவர் வைத்ததுதான் நிறம். பிறகு ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு பிளாக் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். இம்மி விலகினாலும் கதாநாயகிக்கு இரண்டு மூக்கு வந்துவிடும்!

அதைவிடக் கஷ்டம், எந்த ஸ்டில்லைப் போடுவது என்பது. நட்சத்திரத்தின் முகமா, காதல் காட்சியா, சண்டையா? முகத்தைப் போட்டால் ரசிகர் வாங்குவார். ஆனால் அந்த முகம் வேறு படத்திலும் இருக்கிறதே? இந்தப் படத்தில் மட்டும் இருக்கிற, வேறு எவரிடமும் இல்லாத ஒன்றை முன்னால் வைக்க வேண்டும்.

"சந்திரலேகா"வுக்கு அப்படி ஒன்று இருந்தது. முரசு நடனம். வரிசை வரிசையாகப் பிரம்மாண்ட முரசுகள். ஒவ்வொன்றின் மேலும் பெண்கள் நின்று ஆடுகிறார்கள். நடுவில் ராஜகுமாரி. ஏ.கே.சேகர் போட்ட செட். நூற்றுக்கணக்கான நடனக்காரர்களுக்கு மாதக்கணக்கில் ஒத்திகை. இந்த ஒரு காட்சிக்கே 5 லட்சம் ரூபாய் செலவு என்று பேசப்பட்டது. கதை தெரியாவிட்டாலும், பாஷை தெரியாவிட்டாலும், அந்த ஒரு ஸ்டில்லைப் பார்த்தால் போதும். என்னய்யா இது என்று கால் தானாக நிற்கும். இன்று வரை "சந்திரலேகா" என்றால் பத்திரிகைகள் போடுவது அந்தப் படத்தைத்தான்.

அடகுக்குப் போன சொத்து

வருஷம் ஓடியது. படம் முடியவில்லை. எடுத்ததையே திரும்ப எடுத்தார்கள். சர்க்கஸ் காட்சிக்காக கமலா சர்க்கஸ், பரசுராம் சர்க்கஸ் என்று இரண்டு கம்பெனிகளை வரவழைத்தார்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போன என்.எஸ்.கிருஷ்ணன் 1947-ல் விடுதலையாகி வந்ததும், அவருக்காக காமெடியைச் சேர்த்தார்கள். பணம் தண்ணீராகப் போனது. மொத்தச் செலவு 30 லட்சம் ரூபாய் என்று கணக்கு.

அந்தக் காலத்து 30 லட்சம்! சொத்துக்கள் அடமானத்துக்குப் போயின. நகைகளும் போயின. படம் ஓடாவிட்டால் ஸ்டூடியோ கிடையாது. அதில் சம்பளம் வாங்கும் தச்சர், பெயிண்டர், லைட் பாய், தையல்காரர் அத்தனை குடும்பத்துக்கும் கேள்விக்குறி.

இந்த நிலைமையில் வேறு யாராக இருந்தாலும் விளம்பரச் செலவில்தான் முதலில் கை வைத்திருப்பார்கள். வாசன் தலைகீழாகச் செய்தார். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். ஒரு சினிமாவுக்கு முழுப்பக்கமா என்று ஊர் வாய் பிளந்தது. தியேட்டர்காரர்களுக்காக அமெரிக்கப் பாணியில் ஒரு விளம்பரப் புத்தகமும் தயாரானது.

1948 ஏப்ரல் 9-ந் தேதி படம் ரிலீஸ் ஆனது. கூட்டம் அலைமோதியது. தமிழ்ப் படத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று பேச்சு. அப்படியும் போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை. தமிழ் பேசும் ஊர்கள் எல்லாம் சேர்ந்தாலும் 30 லட்சத்தைத் தாங்காது. கணக்கு அவ்வளவுதான்.

இந்தியில் இன்னொரு ஆட்டம்

வாசன் துவண்டு உட்காரவில்லை. இந்தியில் எடுத்தார். மேலும் செலவு, மேலும் விளம்பரம். வடக்கே டி.ஆர்.ராஜகுமாரியைத் தெரியாது, எம்.கே.ராதாவைத் தெரியாது. நட்சத்திர முகத்தை வைத்து அங்கே வியாபாரம் பண்ண முடியாது. அங்கேதான் முரசும் சர்க்கஸும் கை கொடுத்தன.

அதே வருஷம் டிசம்பர் 24-ல் இந்தி "சந்திரலேகா" வெளியானது. வடநாடு முழுக்க ஓடியது. சென்னையில் எடுத்த படம் ஒன்று இந்தியா முழுக்க இப்படி வசூல் செய்தது அதுதான் முதல் தடவை. போட்ட பணம் திரும்பியது. அடகு வைத்த கவலை தீர்ந்தது. தென்னிந்தியத் தயாரிப்பாளர்கள் பம்பாய்க்கு இந்திப் படம் எடுத்து அனுப்பும் வழக்கம் சூடு பிடித்ததே இதற்குப் பிறகுதான்.

அதன்பின் "அபூர்வ சகோதரர்கள்", கே.பி.சுந்தராம்பாள் நடித்த "அவ்வையார்", வைஜயந்திமாலா-பத்மினி போட்டி நடனத்துக்குப் பேர்போன "வஞ்சிக்கோட்டை வாலிபன்" என்று ஜெமினி கொடி பறந்தது. 1955-ல் திலீப்குமாரையும் தேவ் ஆனந்தையும் ஒரே படத்தில் நடிக்க வைத்தார். அந்த "இன்சானியத்" படத்தில் ஒரு சிம்பன்சி குரங்குக்கும் வேஷம் உண்டு. விளம்பரக்காரர் புத்தி விடுமா!

பிற்காலத்தில் பெரிய எழுத்தாளர் ஆன அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினியில் வேலை பார்த்தவர். பத்திரிகைச் செய்திகளை வெட்டி பைலில் சேர்ப்பது அவர் பார்த்த வேலைகளில் ஒன்று. அச்சில் வருகிற ஒவ்வொரு துண்டுக்கும் அந்த ஸ்டூடியோவில் அவ்வளவு மரியாதை.

1964-ல் வாசன் ராஜ்யசபா எம்.பி. ஆனார். 1969-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 26-ல் காலமானார். விகடனை மகன் எஸ்.பாலசுப்ரமணியன் நடத்தினார். ஜெமினி ஸ்டூடியோவின் விளக்குகள் அடுத்தடுத்த வருஷங்களில் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டலும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. 2004-ல் தபால் இலாகா வாசனுக்கு தபால்தலை வெளியிட்டது. தபாலில் பொருள் விற்றுப் பிழைப்பைத் தொடங்கிய ஆளுக்கு அது பொருத்தம்தான்.

ஸ்டூடியோ எதிரே மேம்பாலம் திறந்தது 1973-ல். வாசன் போய் நாலு வருஷம் கழித்து. அந்தப் பாலத்தை ஊர் தன் ஸ்டூடியோ பெயரில் கூப்பிடுவதை அவர் கேட்கவே இல்லை. ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த விளம்பரம் அது ஒன்றுதான்.