கேட்டே நடித்த பாலையா

நெல்லைச் சீமை தந்த நடிகர் டி. எஸ். பாலையா. பிறந்த ஆண்டு 1914. நாடக மேடையில் பழகிய பிறகே அவர் திரைக்கு வந்தார்.

1936-ல் வெளியான 'சதி லீலாவதி'யில் அவர் வில்லன். எம். ஜி. ஆருக்கு அதுவே முதல் படம். என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார். பின்னாளில் எம். ஜி. ஆர். கதாநாயகன் ஆனார். கிருஷ்ணன் நகைச்சுவை மன்னர் ஆனார். பாலையா மட்டும் எந்த ஒரு வகைக்குள்ளும் அடங்கவில்லை. 'தூக்கு தூக்கி'யில் (1954) வடநாட்டுச் சேட்டாக வந்து சிரிக்க வைத்தார்.

வசனத்தை உருட்டிப் பேசுவதில் வல்லவர். ஆனால் அவரது உச்சம் பிறர் சொல்வதைக் கேட்கும் நடிப்புதான்! 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) மகனாக வரும் நாகேஷ் பேய்க் கதை சொல்கிறார். கேட்கும் தந்தை பாலையாவின் முகத்தில் பயம் படிப்படியாக ஏறுகிறது. கொட்டகையே குலுங்கிச் சிரித்தது!

'திருவிளையாடல்' (1965) படத்தில் அவர் செருக்கு மிக்க ஹேமநாத பாகவதர். விறகு விற்பவராக வந்த சிவனின் பாட்டைக் கேட்கக் கேட்க, அந்தச் செருக்கு கரைகிறது. நிமிர்ந்த தலை தாழ்கிறது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்திலோ அவர் தவில் வித்துவான்.

1972-ல் பாலையா மறைந்தார். கதாநாயகனாக வேண்டியதில்லை, அடுத்தவர் பேசும்போதும் ரசிகரின் கண்ணைத் தன்மீதே நிறுத்தலாம் என்று காட்டிச் சென்றார்.