பாலசரசுவதியின் ஆசிரியப் பணி: குடும்ப மரபும் பல்கலைக்கழக வகுப்பறையும்

தஞ்சாவூர் பாலசரசுவதி (1918-1984) இசையையும் ஆடலையும் வழிவழியாகப் பேணிவந்த குடும்பத்தில் சென்னையில் பிறந்தவர். வீணை தனம்மாள் இவருடைய பாட்டி. இசைக்கலைஞர் ஜெயம்மாள் தாய். தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம் ஆடல் பயின்று, 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் தடைசெய்தது. அதற்கு முன்பே எழுந்த ஒழிப்பு இயக்கத்தின்போது, வழக்கத்தின்மீது விழுந்த பழி கலையின்மீதும் படிந்தது. மரபுவழிக் கலைஞர் பலர் அரங்கை இழந்தனர். அச்சூழலிலும் பாலசரசுவதி தம் குலக்கலையைக் கைவிடவில்லை. மியூசிக் அகாதெமி சார்ந்த பள்ளியில் அதனைக் கற்பித்தார்.

1962இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். இவருடைய இளவல்களான ரங்கநாதனும் விஸ்வநாதனும் அங்கு இசை பயிற்றியோராவர். குழந்தைப் பருவம் முதலே வீட்டில் செவிவழிப் படிந்த கலையை, பாடலின் மொழியறியாத இளைஞர்க்குக் குறுகிய காலத்தில் உணர்த்துவது எளிதன்று. ஆயினும் பாலசரசுவதி அபிநயத்தை இசையிலிருந்து பிரித்து வெறும் முகக்குறிப்பாகச் சுருக்கவில்லை. பதத்தின் ஓரடியைத் தாமே மீண்டும் மீண்டும் பாடி, ஒவ்வொரு முறையும் புதுப்பொருள் தோன்ற அபிநயிப்பது அவர் முறை. உள்ளத்துணர்வு உடலில் புலனாதலே மெய்ப்பாடு என்னும் தமிழ் மரபோடு இஃது இயைவது.

இசைவாணர்க்குரிய சங்கீத கலாநிதி விருது 1973இல் இவருக்கு வழங்கப்பட்டது. ஆடலும் இசையும் ஒன்றே எனக் கற்பித்தவர்க்கு அது பொருத்தமான சிறப்பாகும்.